எழுவான்கரை மணலில் வீட்டுத்தோட்டம்: முதன்முறை தொடங்குவோருக்கு

வாகரை, கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று கடலோரமாக வளவு வைத்திருந்து, கீரையும் நாலு மரக்கறியும் வீட்டிலேயே எடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் களிமண்ணுக்கு இதில் பாதிதான் பொருந்தும். எழுவான்கரை மணலில் ஊற்றிய தண்ணீரும் நிற்காது, போட்ட பசளையும் நிற்காது. நல்ல விதை வாங்கி, நாள்தோறும் தண்ணீர் ஊற்றியும் செடி சவலையாக நிற்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே காசையும் உழைப்பையும் விதையில் போடாமல் பாத்தியின் அடியில் போடுங்கள். இரண்டு பாத்தியோடு தொடங்குங்கள். ஆறு பாத்தி போட்டவர்கள் ஆனி மாதத்தில் வாளி தூக்க முடியாமல் விட்டுவிடுவார்கள்.

1. தொடங்கும் மாதம் தை

மழை விழுந்தவுடன் விதைக்க வேண்டும் என்பது வயல்காரரின் கணக்கு. பெரும்போக நெல்லுக்கு அது சரி, வீட்டுத்தோட்டத்துக்குச் சரிவராது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் பெருமழை நவம்பரிலிருந்து ஜனவரி வரை. பள்ளமான வளவில் அந்த நாட்களில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். கத்தரி, மிளகாய் வேர்கள் இரண்டு மூன்று நாள் தண்ணீரில் நின்றாலே மூச்சடைத்து அழுகும். நாற்றுகள் கழுத்தில் கறுத்து விழும்.

தைப்பொங்கல் கழிந்த வாரத்தில் நட்டால் கிணறு நிறைந்திருக்கும், தண்ணீர் நன்றாக இருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். ஜூனில் கச்சான் என்னும் உலர்ந்த தென்மேற்குக் காற்று கிளம்பும் முன், செடி வளர்ந்து காய்க்க நான்கு மாதத்துக்குக் குறையாமல் கிடைக்கும். வேலையை இப்படிப் பிரியுங்கள்:

ஆகஸ்ட், செப்டம்பர்: குழி வெட்டிப் பொச்சுமட்டை (தேங்காயின் நார்மட்டை) புதைத்தல்.
ஒக்டோபர்: பள்ளமான மூலையில் கங்குன் கீரை, வல்லாரை நடுதல். இவை இரண்டுக்கும் மழை தீங்கு செய்யாது.
டிசம்பர் நடு: கத்தரி, மிளகாய் நாற்றைக் கூரைக்குக் கீழே போடுதல்.
ஜனவரி முதல் வாரம்: பாத்திக்கு எரு கலத்தல்.
பொங்கலுக்குப் பிறகு: நாற்று நடுதல், பயற்றை, வெண்டி விதைத்தல், முருங்கைத் தடி ஊன்றுதல்.

உங்கள் வளவு தெருவை விட உயரமாக இருந்து, மார்கழியிலும் தண்ணீர் தேங்காது என்றால் பயற்றையையும் வெண்டியையும் ஒக்டோபர் முதல் வாரத்திலேயே விதைக்கலாம். அதற்கும் பாத்தி 8 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும்.

2. மண்வெட்டி எடுக்க முன் பார்க்க வேண்டியவை

வெயில்: காய்ப்பவற்றுக்குக் குறைந்தது 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். தென்னை நிழலில் பொன்னாங்காணி, வல்லாரை, இஞ்சி, மஞ்சள் போதும். தென்னை அடியிலிருந்து 6 அடிக்குள் பாத்தி வெட்டாதீர்கள். அந்த வட்டத்தில்தான் மரம் தண்ணீர் குடிக்கிறது, வேரை வெட்டினால் மரத்துக்கும் கேடு.

கிணறு: கடலோர மணலுக்குள் நல்ல தண்ணீர், உவர் தண்ணீருக்கு மேலே ஓர் அடுக்காகத்தான் கிடக்கிறது. மோட்டர் போட்டு ஒரேயடியாக இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே ஏறும். காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் அள்ளுங்கள். ஆகஸ்ட் கடைசியில் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். அப்போதும் நன்றாக இருந்தால் எதையும் நடலாம். உவர்த்தால் மிளகாயும் வெண்டியும் அந்த மாதங்களில் வேண்டாம், இலை ஓரம் கருகும். தண்டுக்கீரையும் முருங்கையும் ஓரளவு தாங்கும். உவர் தண்ணீரை ஒருபோதும் இலைமேல் தெளிக்க வேண்டாம்.

மரம்: நிழலுக்காக மரம் வெட்ட நினைப்பவர்கள் நிறையப்பேர். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை உங்கள் வளவில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது. கிராம உத்தியோகத்தர் மூலமாகப் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு நாள் எடுக்கும், ஆகவே பாத்தியை வேறு பக்கம் போட முடியுமா என்று முதலில் பாருங்கள்.

3. பாத்தியின் அடி

முழு வேலையிலும் கடினமானது இந்தப் படிதான். இதைச் சரியாகச் செய்தால் மற்றவை இலகு.

10 அடி நீளம், 4 அடி அகலம் அளந்து கயிறு கட்டுங்கள். இரு பக்கத்திலிருந்தும் நடுவுக்குக் கை எட்ட வேண்டும், அதனால் 4 அடிக்கு மேல் அகலம் வேண்டாம். ஒன்றரை அடி ஆழத்துக்கு மணலை வெட்டி ஒரு பக்கம் குவியுங்கள். மணல் சரியும், ஆகவே விளிம்பைச் சற்றுச் சாய்வாக வெட்டுங்கள்.

அடியில் பொச்சுமட்டையை நார்ப்பக்கம் மேலே பார்க்க நெருக்கி அடுக்குங்கள். இரண்டு அடுக்கு. ஓர் அடுக்குக்கு நூறு துண்டுக்கு மேல் பிடிக்கும். அடுக்குக்கு அடுக்கு இரண்டு அங்குலம் மணல் தூவினால் இடைவெளி நிரம்பும். மேலே வெட்டியெடுத்த மணலைத் திரும்பப் போட்டால் நிலத்துக்கு மேலே பாத்தி தானாக உயரும். ஓரத்துக்குத் தென்னங்குற்றியோ பழைய பலகையோ வைத்து மணல் வழியாமல் தடுங்கள்.

இதை மழைக்கு முன்பே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புதிய மட்டையில் உப்பும் துவர்ப்புச் சாறும் இருக்கும். மூன்று மாத மழை அதைக் கழுவிக் கொண்டுபோகும், மட்டையும் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஒருமுறை புதைத்தால் ஐந்தாறு வருடத்துக்குப் பயன்படும். கறையான் வரும் என்பதால் மர நிலை, மரத்தூண் இருக்கும் சுவரிலிருந்து 6 அடியாவது தள்ளி வையுங்கள்.

எருவை மட்டும் இப்போது போடாதீர்கள். பலரும் தவறுவது இங்கேதான். புரட்டாதியில் போட்ட எருவின் சத்தை மார்கழி மழை மணலுக்குக் கீழே இறக்கிவிடும், அது போய்ச் சேரும் இடம் உங்கள் கிணறு. ஜனவரி முதல் வாரத்தில், ஒரு பாத்திக்கு:

உலர்ந்த பழைய மாட்டெரு, உரப்பையால் ஒரு பை (சுமார் 20 கிலோ)
உமிக்கரி அரைப் பை
வேலிக்கு நடும் கிளிசிறியா மரத்தின் இலை இரண்டு கட்டு, நறுக்கியது
அடுப்புச் சாம்பல் இரண்டு சிரட்டை

மேல் 8 அங்குல மண்ணோடு கலந்து, தண்ணீர் தெளித்து, வைக்கோலால் மூடி 10 நாள் விடுங்கள். எரு குறைந்தது 3 மாதம் பழசாக இருக்க வேண்டும். பச்சைச் சாணி வேரைச் சுடும், வண்டுப்புழுவையும் கொண்டுவரும். கோழியெரு என்றால் கால் பை போதும், அதையும் ஒரு மாதம் குவித்து ஆறவைத்த பின். பச்சை உமியை மண்ணுக்குள் கலக்க வேண்டாம், மேலே மூடாக்காகப் போடலாம். சம்மாந்துறைப் பக்கமோ படுவான்கரையிலோ நெல்லாலைக்குப் போனால் உமி சாக்குக் கணக்கில் கிடைக்கும்.

4. விதை வாங்குதல்

விவசாயத் திணைக்களத்தின் விதை விற்பனை நிலையத்தில் முதலில் கேளுங்கள். கமநல சேவை நிலையத்திலும் விசாரியுங்கள். அங்கு இல்லையென்றால்தான் கடை. பொதியில் இனத்தின் பெயர், பொதி செய்த திகதி, முளைதிறன் வீதம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். திகதி அழிந்த பொதியை எடுக்க வேண்டாம். பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

இனங்கள்: கத்தரியில் திருநெல்வேலி ஊதா, எஸ்.எம். 164. மிளகாயில் எம்.ஐ. 2, கே.ஏ. 2. வெண்டியில் ஹரித, எம்.ஐ. 5. பயற்றங்காயில் பி.எஸ். 1, ஹவாரி. இவற்றிலிருந்து அடுத்த போகத்துக்கு நீங்களே விதை எடுக்கலாம். கலப்பின விதை அதிகம் காய்க்கும், ஆனால் அதிலிருந்து எடுத்த விதை தாயைப் போல வராது. முதல் வருடம் அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. இளஞ்சிவப்பு நிறம் பூசிய விதைக்கு மருந்து தடவியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தொட்டபின் கையைக் கழுவுங்கள், மிஞ்சியதைக் கோழிக்கும் போடக்கூடாது.

விதைக்குமுன் 10 விதையை ஈரத்துணியில் சுற்றி 5 நாள் வையுங்கள். ஏழுக்குக் குறைவாக முளைத்தால் பொதியைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது நெருக்கி விதையுங்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் 10 நாள் பொறுங்கள்.

5. நடுதல்

கத்தரி, மிளகாய்: நாற்றுக்கான மண்ணை வைக்கோலும் உமியும் பரப்பி எரித்த இடத்திலிருந்து எடுங்கள், அழுகல் நோய் குறையும். பத்திரிகைத்தாள் கூம்பிலோ யோகட் கோப்பையிலோ ஒன்றுக்கு இரண்டு விதை. கோப்பை என்றால் அடியில் ஓட்டை போட மறக்க வேண்டாம். கத்தரி 25 முதல் 30 நாளில், மிளகாய் 30 நாளில் நடத் தயார். நடுவதற்கு ஒரு கிழமை முன் தண்ணீரைக் குறைத்து வெயில் காட்டுங்கள். பின்னேரம் நட்டு, நான்கு நாள் தென்னோலை நிழல் கொடுங்கள். கத்தரிக்கு 3 அடிக்கு 2 அடி, மிளகாய்க்கு 2 அடிக்கு ஒன்றரை அடி. நட்டு 65, 70 நாளளவில் முதல் காய். கத்தரி ஓய்ந்தபின் தரையிலிருந்து ஓரடி விட்டுத் தறித்து எரு போட்டால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும்.

பயற்றை: பாத்திக்கு இரண்டு வரிசை, வரிசைக்குள் ஓரடி. ஓர் அங்குல ஆழத்தில் இரண்டு விதை, முளைத்தபின் ஒன்றை விடுங்கள். 6 அடிக் கம்பு ஊன்றுங்கள். பச்சைக் கிளிசிறியாக் கம்பு வேர்விட்டுப் பாத்தியின் சத்தை எடுத்துக்கொள்ளும், உலர்ந்த கம்பையே ஊன்றுங்கள். 50 முதல் 55 நாளில் முதல் பறிப்பு. இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் முற்றி, பூப்பது நின்றுவிடும்.

வெண்டி: விதையை ஓரிரவு ஊறவைத்து, 2 அடிக்கு ஒன்றரை அடி. 45 முதல் 50 நாள். இலை நரம்பு மஞ்சளித்த செடி தேறாது. வெள்ளை ஈ அந்த நோயைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோகும் முன் பிடுங்கி எரியுங்கள்.

தண்டுக்கீரை: விதை மிகச் சிறியது. ஒரு தேக்கரண்டி விதைக்குப் பத்துத் தேக்கரண்டி உலர் மணல் கலந்து தூவுங்கள். எறும்பு தூக்காமல் சுற்றிச் சாம்பல் போடுங்கள். 25 முதல் 30 நாளில் பிடுங்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைக்காமல், பாத்தியை மூன்றாகப் பிரித்துப் பத்து நாளுக்கு ஒரு பங்கு விதைத்தால் கீரை தொடர்ந்து வரும்.

கங்குன், பொன்னாங்காணி: சந்தையில் கட்டு வாங்கி, இலையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, மூன்று நான்கு கணுவுள்ள தண்டை நடுங்கள். விதைக்குக் காசு வேண்டாம். கங்குன் மூன்று கிழமையில், பொன்னாங்காணி ஒரு மாதம் கடந்து வெட்டலாம். நிலத்திலிருந்து இரண்டு கணு விட்டு வெட்டுங்கள்.

முருங்கை: மணிக்கட்டுப் பருமனில் 4 அடித் தடி, ஒன்றரை அடி புதையுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் அழுகும். 4 அடியில் நுனியை முறித்துவிட்டால் கைக்கெட்டும் உயரத்தில் கிளைக்கும். மயிர்க்கொட்டி அடையும் மரம் என்பதால் யன்னலுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

6. தண்ணீரும் பசளையும்

40 சதுர அடிப் பாத்திக்கு நாளொன்றுக்கு 20 லீற்றர். 10 லீற்றர் வாளியால் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. கச்சான் காலத்தில் மூன்று வாளி. இரண்டு அங்குலம் வைக்கோல் மூடாக்கு இல்லாமல் இந்தக் கணக்கு சரிவராது.

குழாய்த் தண்ணீர் ஊற்றுபவர்கள் மாதக் கணக்கைப் பாருங்கள். ஓர் அலகு 1000 லீற்றர். இரண்டு பாத்திக்கு மாதம் 1.2 அலகு, கச்சானில் 1.8 அலகு. பாவனை கூடக்கூட அலகொன்றின் விலையும் ஏறுவதால், வீட்டுப் பாவனையோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

மணலுக்குப் பசளையைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். ஒரு பங்கு சாணியை ஐந்து பங்கு தண்ணீரில் ஒரு கிழமை ஊறவிட்டு, வடித்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை செடிக்கு அரை லீற்றர். வல்லாரைக்கு இதை ஊற்ற வேண்டாம், அதைப் பச்சையாகச் சாப்பிடுகிறோம். யூரியாவை அள்ளிப் போடுபவர்களைப் பார்த்துப் பின்பற்றாதீர்கள். மணல் அதைப் பிடித்து வைக்காது, அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் பிள்ளைகளும் குடிக்கிறார்கள். எருக்குவியலையும் கிணற்றிலிருந்து எட்ட வையுங்கள்.

7. வேலி, பூச்சி

வேலி இல்லாமல் தொடங்கவே வேண்டாம். கட்டாக்காலி மாடு ஒரு இரவு வந்தால் மூன்று மாத வேலை போய்விடும். கிளிசிறியாத் தடியை ஓரடிக்கு ஒன்றாக ஊன்றி இடையில் கிடுகு கட்டினால் மாட்டுக்கும் கச்சானுக்கும் சேர்த்து மறைப்பு, பசுந்தாளும் அங்கேயே கிடைக்கும்.

கத்தரியில் குருத்து மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு. வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி எரியுங்கள், கிழமைக்கு இருமுறை பாருங்கள். மிளகாய் இலை சுருண்டால் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், பூச்சி அங்கேதான் இருக்கும். வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, லீற்றருக்கு 50 கிராம், ஓரிரவு ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்துப் பின்னேரத்தில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் பலன் போய்விடும், அடுத்த நாளுக்கு வைத்திருந்தாலும் அப்படியே. அதற்கும் அடங்காவிட்டால் 1920 இலக்கத்துக்கு அழைத்து விவசாயத் திணைக்களத்திடம் கேளுங்கள்.

8. பத்திரங்களும் செலவும்

சொந்த வளவில் வீட்டுத்தோட்டம் செய்ய எந்த அனுமதியும் தேவையில்லை. வாடகை வீடு என்றால் குழி வெட்டுவதற்கும் முருங்கை, வாழை வைப்பதற்கும் வீட்டுக்காரரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். மரக்கன்று, விதைப்பொதி ஏதாவது கொடுக்கும் திட்டம் இருந்தால் விவசாயப் போதனாசிரியர் மூலமாகத்தான் வரும். அடையாள அட்டைப் பிரதியும், வளவின் நீள அகலமும் கொண்டு போங்கள். அவர் பெரும்பாலும் களத்தில் இருப்பார், அலுவலக நாளைக் கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் இல்லை. மண் பரிசோதிக்க வேண்டுமென்றால் ஐந்து இடத்தில் 6 அங்குல ஆழத்து மண்ணை எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொடுங்கள்.

செலவை ரூபாயில் எழுதினால் அடுத்த மாதமே பொருந்தாது. மேலே உள்ள அளவுகளை உங்கள் ஊர் விலையால் பெருக்குங்கள். அதிகம் போகும் இடங்கள் வேலியும் எரு ஏற்றிவரும் கூலியும். தனித்தனியாக ஏற்றாமல் அயல்வீட்டாரோடு சேர்ந்து ஒரு லான்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) பெட்டி இறக்கினால் கூலி பங்காகும். விதை இதில் மிகச் சிறிய செலவு. கடைப் பைகளில் வரும் சாடி மண்ணுக்குக் கொடுக்கும் காசு வீண், அந்தக் காசுக்கு எரு வாங்குங்கள்.

9. அடுப்படிக்கு

முருங்கையிலைச் சுண்டல்: காம்பு நீக்கி ஆய்ந்த இலை நான்கு கைப்பிடி, சின்ன வெங்காயம் பத்து, பச்சைக் கொச்சிக்காய் இரண்டு, மஞ்சள், உப்பு, துருவிய தேங்காய் ஒரு கைப்பிடி. கடுகு தாளித்து வெங்காயம் வதங்கியதும் இலையைப் போட்டு, மூடாமல், தண்ணீர் விடாமல் நான்கைந்து நிமிடம் கிளறுங்கள். தேங்காய் கடைசியில், இறக்கும்போது. மூடி வேகவிட்டால் நிறம் கறுக்கும், கசப்பும் ஏறும். வாவி நண்டுக் கறிக்கு ஒரு பிடி இலை போடுவதும் அடுப்பை அணைத்த பிறகுதான்.

வல்லாரைச் சம்பல்: இலையை ஓடும் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவி, நீர் வடிந்தபின் மயிரிழையாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், கொச்சிக்காய், இடித்த மாசிக்கருவாடு சேருங்கள். உப்பும் தேசிப்புளியும் சோறு போட்ட பிறகு. முன்பே விட்டால் தண்ணீர் ஊறிச் சோர்ந்துவிடும்.

கங்குன்: கடும் நெருப்பில் தண்டை முதலில் இரண்டு நிமிடம், இலையை ஒரு நிமிடம். வாய்க்கால் ஓரத்தில் வளர்ந்ததைப் பச்சையாக உண்ண வேண்டாம்.

கத்தரிக்காய்ப் பால்கறி: வெட்டியவுடன் உப்புத் தண்ணீரில் போடுங்கள், கறுக்காது. இரண்டாம் பாலில் வேகவிட்டு, வெந்தபின் முதற்பால் விட்டு ஒரு கொதியோடு இறக்குங்கள். புளி அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு.

வேலியோரம் மரவள்ளி நட்டிருந்தால் கிழங்கின் இரண்டு தோலையும் உரித்து, சட்டியை மூடாமல் நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். கிண்டிய அன்றே அவிக்க வேண்டும். நீல நரம்பு ஓடிய கிழங்கை எறிந்துவிடுங்கள், கசக்கும் கிழங்கையும் அப்படியே.

10. கச்சான் கிளம்பியபின்

ஜூன் முதல் மிளகாயும் வெண்டியும் சோரும். அவற்றைக் காப்பாற்றத் தண்ணீரைக் கொட்டி உவரை மேலே இழுக்காதீர்கள். ஒரு பாத்தியைப் பொன்னாங்காணிக்கும் கத்தரிக்கும் வைத்துக்கொண்டு மற்றதை வைக்கோலால் நன்றாக மூடிவிடுங்கள். அதற்கு முன்பே, மே மாதத்தில், திடமான இரண்டு பயற்றைச் செடியிலும் ஒரு வெண்டியிலும் காயைப் பறிக்காமல் முற்றவிடுங்கள். செடியிலேயே உலர்ந்தபின் உரித்து, மூன்று நாள் காலை வெயிலில் காயவைத்து, உலர்ந்த சாம்பலோடு கலந்து போத்தலில் அடைத்து, இனத்தின் பெயரையும் மாதத்தையும் ஒட்டிவையுங்கள். தையில் விதைக்க அது போதும்.